கழற்றாத பொத்தான்கள்

அப்பாவின் தாடையில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தவனை அக்கா ஓங்கி அறைந்தாள். பிரஷ் தெறித்துச் சுவரோரம் விழுந்தது.

"எந்தக் கையால அவர அடிச்சியோ, அதே கையால சவரமா?"

அவன் பிரஷ்ஷை எடுத்துக் கழுவிவிட்டு மறுபடி நுரை போட்டான். முப்பது வருஷம் ஊரார் முகத்தையெல்லாம் மழித்த மனுஷன், நாலு நாள் தாடியோடு சுடுகாட்டுக்குப் போகக் கூடாது.

அப்பாவும் மகனும் ஒரே சலூன். கொஞ்ச நாளாகவே அப்பா கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவும். காலை அகட்டி வைத்துத் தள்ளாடி நடப்பார். குனிந்து பிடரி மழித்தால், "கழுத்துலேருந்து கால் வரைக்கும் கரண்ட் அடிக்குதுடா" என்பார்.

"சரக்கு உள்ள போனா அப்படித்தான் அடிக்கும்" என்பான் மகன். வாயை மோந்து பார்த்தால் ஸ்பிரிட் வாடை. சவரத்துக்குப் பிறகு தடவுகிற ஸ்பிரிட் சலூன் முழுக்க மணக்கும். அது உறைக்கவில்லை, இந்தத் துப்பறியும் புலிக்கு. அதைத்தான் அப்பா குடிக்கிறார் என்று முடிவுகட்டி, பாட்டிலைப் பூட்டி வைத்தான்.

நாலு நாள் முன்னால், அப்பா கையிலிருந்த கத்தி ஒருத்தன் காதைக் கிழித்தது. அந்த ஆள் கத்தினான். அத்தனை பேர் பார்க்க, மகன் பெற்ற தகப்பனை அறைந்தான். அப்பாவின் முகவாய் வாஷ்பேசினில் மோதித் தலை பின்னால் மடங்கியது.

"கை கால் வரலடா."

"நடிக்காத, எந்திரி." சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினான், இரண்டு தடவை.

டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். "கழுத்தெலும்பு தேஞ்சு தண்டுவடத்த நெரிச்சிருக்கு. இன்னிக்கு நேத்து வந்ததில்ல. கை மரத்திருக்கும், நட தள்ளாடியிருக்கும், பொத்தான் போட வந்திருக்காது. அதுமேல இந்த அடி. முன்னாடி ஒண்ணும் கவனிக்கலையா?"

"கவனிச்சோம்" என்றான். "குடின்னு நெனச்சோம்."

மூன்று நாள் குழாய் வழியாக மூச்சு விட்டார். இன்று காலை அதுவும் நின்றது.

கன்னம், மோவாய், மேலுதடு எல்லாம் மழித்து முடித்தான். கத்தி ஒரு கீறல் போடவில்லை. அந்தக் கையை வெட்டி எறியலாம் போலிருந்தது அவனுக்கு.

அக்கா அலமாரியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து வீசினாள். மேல் பொத்தான் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் போட்டபடியே இருந்தது. எழுந்து போய் அடுத்த சட்டையைப் பார்த்தான். அதுவும் அப்படியே. எல்லாமே அப்படித்தான். பனியனைப் போலத் தலைவழியாக மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார்.

வெள்ளைச் சட்டையை மடியில் வைத்து ஒரு பொத்தானைக் கழற்றப் பார்த்தான். வரவில்லை. மறுபடி பார்த்தான்.

அக்கா பக்கத்திலேயே நின்றாள். கை கொடுக்கவில்லை.