உட்கார்ந்து தின்றவர்

அந்த வீட்டு ஆண்கள் யாரும் நாற்பத்தைந்தைப் பார்த்ததில்லை. அப்பா நாற்பத்து மூன்றில் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. தாத்தா நாற்பத்து நான்கில் சரக்குக் கிடங்கில் மூட்டையோடு பலகையிலிருந்து சரிந்தார். அவருடைய அப்பா, பட்டாளத்துக்குப் போய்வந்த கொள்ளுத்தாத்தா, அவரும் அதே நாற்பத்து நான்கில்தான் போனார் என்பது வீட்டில் வழிவழியாக வந்த பேச்சு. அந்த வீட்டு மூத்த மகனான லிஃப்ட் மெக்கானிக்குக்கு அடுத்த மாதம் நாற்பத்து நான்கு முடியப்போகிறது.

போன வாரம் ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோனது. லிஃப்ட் நின்றால் அதைப் பழுதுபார்க்க வருகிறவன் படியேறித்தானே ஆகவேண்டும்? மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போகும் இரும்பேணியில் கால் வைத்தவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஏணியைக் கட்டிப்பிடித்து, எண்பதுவரை எண்ணி, பிறகு இறங்கினார். வீட்டில் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் உள்ளே இருப்பது முகத்தில் தெரியாமல் போகுமா? மனைவி சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிறவள், அரை அங்குலப் பிசகையும் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடுவாள்.

"டாக்டரைப் பாருங்க."

"பாக்கறேன். முதல்ல கொள்ளுத்தாத்தா எதுல போனார்னு தெரியணும். குண்டடியோ காய்ச்சலோன்னா, இது பரம்பரை இல்ல. தாத்தா வழுக்கி விழுந்தார், அப்பா ஒருத்தருக்குத்தான் நெஞ்சுன்னு ஆயிடும். மிச்சமெல்லாம் காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை."

"நல்லா இருக்கு நியாயம்! செத்தவருக்கு வைத்தியம் பாத்துட்டு அப்புறம்தான் உயிரோட இருக்கிறவருக்கா?"

அவள் சொன்னது சரிதான். பயந்தவனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? மறுநாளே அவர் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு அத்தை வீட்டுக்குப் போனார். அப்பாவின் தங்கையான அத்தையின் சாவிக்கொத்தில் கொள்ளுத்தாத்தாவின் பட்டாளப் பதக்கம் தொங்கும். தேய்ந்து பளபளத்த அதன் விளிம்பில் ஐந்து இலக்க எண் ஒன்று பொறித்திருந்தது. அதைக் கையில் எழுதிக்கொண்டு நேராக ஆவணக் காப்பகத்துக்குப் போனார்.

காப்பகத்தில் இருந்த அம்மாள் இருமலுக்கு மிட்டாய் சப்பிக்கொண்டே எண்ணை வாங்கிப் பார்த்தாள். "பட்டாளத்து எண் இருந்தா பாதி வேலை முடிஞ்சது. உக்காருங்க."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாடா கட்டிய பழுப்புக் கோப்பு ஒன்று மேசைக்கு வந்தது. முதல் தாளில் சேரும்போது வயது இருபத்தொன்பது, தொழில் மூட்டை தூக்குதல், எழுதப் படிக்கத் தெரியாது, இடது பெருவிரல் ரேகை. பட்டாளத்தில் கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி ஓட்டும் பிரிவு. நான்கு வருடம் கழித்து ஒரு மருத்துவச் சீட்டு. அதை அந்த அம்மாளே வாசித்தாள்.

"'ஓடும்போதும் பாரம் தூக்கும்போதும் மயங்கி விழுகிறார். இதயத் துடிப்பில் ஒழுங்கில்லை. படைப்பணிக்குத் தகுதியற்றவர். இனி எப்போதும் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பப்பட்டது.'"

லிஃப்ட் மெக்கானிக் சீட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். குண்டும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நெஞ்சேதான். எந்தப் பதிலுக்குப் பயந்து வந்தாரோ, அது அரசாங்க முத்திரையோடு மேசைமேல் கிடந்தது. உள்ளங்கை வேர்த்து, எழுதியிருந்த எண் அழிந்தது.

"தண்ணி குடிங்க," என்றாள் அந்த அம்மாள். "இதுல வீட்டு விலாசம் இருக்கு. மக்கள்தொகைக் கணக்குல அந்த வீட்டைப் பாத்தா அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியும்."

வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனாலும் சரி என்று தலையாட்டினார்.

முதல் கணக்கில் குடும்பம் முழுதும் இருந்தது. வீட்டுத் தலைவர், முப்பத்தாறு. மனைவி, துணி வெளுப்பவர். மகள், ஒன்பது. மகன், ஆறு. அந்த மகன்தான் தாத்தா. அடுத்தது பத்து வருடம் கழித்து எடுத்த கணக்கு. அதில் மனைவியின் பெயருக்கு எதிரே 'விதவை' என்று இருக்கும் என்று எதிர்பார்த்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

வீட்டுத் தலைவர், நாற்பத்தேழு. தொழில், பண்டகசாலைக் கதவுக் காவல்.

"இது தப்பு. அவர் நாப்பத்துநாலுல செத்துட்டாரு."

"செத்தவங்களை நாங்க எண்ணறதில்ல," என்றாள் அந்த அம்மாள். அடுத்த கணக்கையும் பிரித்தாள். வயது ஐம்பத்தைந்து, அதே வீடு, அதே கதவுக் காவல். "பத்து வருஷத்துல எட்டு வயசுதான் கூடியிருக்கு பாருங்க. அந்தக் காலத்துல வயசெல்லாம் ஒரு உத்தேசம்தான். ஆனா ஆள் உயிரோடதான் இருந்திருக்காரு. இரண்டாவது கணக்குல மகனைத்தான் காணோம்."

பதினாறு வயதில் இருக்க வேண்டிய மகன் அந்த வீட்டில் இல்லை. லிஃப்ட் மெக்கானிக் வராந்தாவுக்கு ஓடிப்போய் அத்தையைப் போனில் கூப்பிட்டார்.

"எங்கப்பா பதினாலு வயசுல அந்தப் பதக்கத்தை மட்டும் எடுத்துக்கிட்டுத் தனியா வந்து கிடங்குல சேந்தவர்டா," என்றாள் அத்தை. "'எங்கப்பன் நாப்பத்துநாலுல செத்துட்டான், வந்துட்டேன்'னுதான் சொல்வார். ஆனா ஒண்ணு. உங்கப்பா படுத்துக் கிடந்தா, 'எங்கப்பன் மாதிரி உக்காந்து தின்னே அழியப்போறியா'ன்னு கத்துவார். செத்தவரை ஏன் இப்படித் திட்டறார்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல."

அவருக்குப் புரிந்தது. அம்மா ஊரார் துணியைத் தோய்க்க, அப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தால், பதினாலு வயதுப் பையனுக்கு எரியாதா? ஏன் தூக்குவதில்லை என்று அப்பனும் சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தாலும் அவன் நம்பியிருக்க மாட்டான். அந்த வருடமே வீட்டைவிட்டு வந்து, உயிரோடிருந்தவரைச் சாகடித்துவிட்டு, அவன் மூட்டை தூக்கப் போனான். பட்டாளத்து டாக்டர் சொன்ன ஒரு வரி அந்தக் கதவோடு நின்றுபோயிற்று. அது தெரியாமலே மகன் போனார், பேரன் போனார்.

அன்று சாயங்காலமே அவர் மனைவியோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். நூறு வருடத்து மருத்துவச் சீட்டின் நகலை டாக்டர் இரண்டு தடவை படித்தார். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். குளிர்ந்த பசையை நெஞ்சில் தடவி, அவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடத்தில் அவர் மூன்று முறை செத்துப் பிழைத்தார்.

"இதயச் சுவர் தடிச்சிருக்கு. பரம்பரையா வர்றதுதான். மாத்திரை இருக்கு, கண்காணிப்பு இருக்கு, கனம் தூக்கக் கூடாது. இப்பவே வந்தது நல்லது," என்றார் டாக்டர். "கூடப் பிறந்தவங்க யாராவது?"

தம்பி இருந்தான். பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன், முப்பத்தொன்பது வயது. போனில் சொன்னபோது, "எனக்கென்னண்ணே, கல்லு மாதிரி இருக்கேன்," என்று சிரித்தான்.

"கல்லு மாதிரி இருந்தவங்கதான்டா எல்லாரும்!"

மறுநாள் விடிந்ததும் போய்த் தம்பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவர், அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கூட வரும்வரை நகரவில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து, தம்பிக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று மனசுக்குள் மன்றாடினார். தம்பிக்கும் அதே சுவர்தான். இன்னும் அவ்வளவு தடிக்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் கொடுத்த கடிதத்தைக் காட்டியதும் கிடங்கில் அவனைச் சீட்டு ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள். முதல் நாள் மத்தியானமே போன் வந்தது.

"எல்லாரும் தூக்கறாங்க, நான் மட்டும் உக்காந்திருக்கேன். கேலி பண்றாங்க. கூச்சமா இருக்குண்ணே."

"கூச்சப்படு. உக்காந்தே கூச்சப்படு."

நாலு மணிக்கு அவரே மறுபடி கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

"உக்காந்துதான்ணே இருக்கேன்," என்றான் தம்பி.