தொண்ணூறு மூட்டை

"சிலிண்டரைக் கடைஞ்சு பிஸ்டனை மாத்தினா, இதே எஞ்சின் இன்னும் அஞ்சு வருசம் ஓடும்" என்றார் மெக்கானிக் சேக் பரீது.

வத்தலக்குண்டு ரோட்டில் அவர் பட்டறை. சண்டைக்காலத்துப் பட்டாள லாரி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கொடைக்கானல் மலையிலிருந்து உருளைக்கிழங்கு இறக்கி இறக்கி, அதன் பெட்ரோல் எஞ்சின் சளி பிடித்த மாதிரி இருமியது.

"அஞ்சு வருசமும் அறுபது மூட்டைதானே பாய்?" லாரி முதலாளி தங்கமுத்து சிரித்தார். "மதுரையில பெரிய டீசல் எஞ்சின் பேசி வச்சிருக்கேன். அதைத் தூக்கி வைங்க."

"எஞ்சின் ஏத்தத்துக்கு. இறக்கத்துக்கு பிரேக்குல்ல வேணும்? இந்த பிரேக் அறுபதுக்கு மேல தாங்காது. அதையும் மாத்தணும்."

"அடுத்த மாசம் பார்ப்போம்."

பரீது தலையாட்டவில்லை. ஆட்ட வைத்தவன் டிரைவர் சோலைமுத்துதான்.

"மலையில பஸ்காரப் பயலுக 'ஒதுங்குடா கட்டவண்டி'ன்னு கத்திட்டுப் போறானுக பாய். ஒரு தடவையாவது நம்ம புகையை அவனுக குடிக்க வேணாமா? சத்தியமா அறுபதுக்கு மேல ஏத்தமாட்டேன்."

பரீதுக்கும் கை அரித்தது. பட்டாள லாரியில் டீசல் எஞ்சினை அவர் இதுவரை உட்கார வைத்ததில்லை. வைத்தார்.

எஞ்சின் மாற்றினால் முதல் லோடுக்கு மெக்கானிக்கும் கூடப் போகவேண்டும் என்பது பட்டறை வழக்கம். விடிந்ததும் கேபினில் ஏறினார். ஏற்றத்தில் வண்டி பறந்தது. முன்னால் திணறிய பஸ்ஸைத் தாண்டும்போது சோலைமுத்து தலையை வெளியே நீட்டி, "ஒதுங்குடா கட்டவண்டி!" என்றான். பரீது வயிறு குலுங்கச் சிரித்தார்.

மலை மேலே தங்கமுத்து மூட்டைகளோடு தயாராக நின்றார். அறுபது ஏறியது. தங்கமுத்து கை காட்ட, அதற்கு மேலும் ஏறிக்கொண்டே இருந்தது.

சோலைமுத்து பரீதின் முகத்தைப் பார்த்தான். "என்ன பாய், ஏத்தட்டா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பான். ஏறி வந்த அந்த இழுவை இன்னும் பரீதின் நெஞ்சுக்குள் உறுமிக்கொண்டிருந்தது.

"வண்டிய மெதுவா எறக்கு" என்றார்.

தொண்ணூறு மூட்டை.

ஏழாவது வளைவில் கருகல் வாடை வந்தது. சோலைமுத்து பிரேக்கை மிதித்தான். மறுபடி மிதித்தான்.

"பாய், கட்டை! குதிங்க!"

சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையோடு பரீது குதித்தார். பின்சக்கரத்துக்கு அடியில் எறிந்தார். சக்கரம் அதை வேப்பங்குச்சி போல நசுக்கிவிட்டுப் போனது. கீழே விறகுக்கட்டோடு நாலு பெண்கள். சோலைமுத்து வண்டியைப் பாறைப் பக்கம் ஒடித்தான். பக்கவாட்டில் மோதி நின்ற வண்டியில் மூட்டைகள் மட்டும் நிற்கவில்லை. கேபினைச் சோலைமுத்துவோடு தட்டைத் தகரமாக்கின.

எட்டாம் நாள் மாட்டுவண்டியில் எஞ்சின் பட்டறைக்கு வந்தது. கூடவே தங்கமுத்து.

"ஒரு கீறல் இல்ல பாய். வேற லாரி பிடிச்சிருக்கேன், தூக்கி வைங்க."

சோலைமுத்துவின் மனைவி பேச்சாயி வாசலில் வந்து நின்றாள்.

"அவராத்தான் ஆசைப்பட்டு அம்புட்டையும் ஏத்தினாருன்னு ஊரே பேசுது. முதலாளியும் அதைத்தான் சொல்றாரு. நெசமா பாய்?"

தங்கமுத்து கண்ணைக் காட்டினார். பரீது அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஏத்தச் சொன்னது இவரு. அவன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான் தாயி. நான் வேணாம்னு சொல்லல."

பேச்சாயி உள்ளே வந்தாள். எஞ்சின் மேல் கை வைத்தாள்.

"இது இன்னும் ஓடுமா?"

"ஓடும்" என்றார் பரீது.