பிளாஸ்டிக் கோரை

"உங்க ரூமை எங்கப்பாவுக்குக் குடுங்க சார். மழை முடியிற வரைக்கும் நீங்க அவர் ரூம்ல படுங்க."

முதலாளியிடம் எதையும் கேட்டுவிடாதே என்று அப்பா தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தார். கைகட்டியே பழகிய மனிதர். இந்தக் கட்டடத்தின் காவலாளி; தரைக்குக் கீழே மோட்டார் அறையில் குடியிருக்கிறார். அவர் படிக்கவைத்த மகள் இவள், அதே முதலாளியிடம் மூன்றாவது மாடியில் இன்ஜினியர்.

முதலாளி சிரித்தார். "கார் நிறுத்தத்தானேம்மா பின்னாடி இருக்கிற சதுப்பை மூடுறேன். உங்கப்பா இத்தனை வருஷமா கீழதான் படுக்குறார். ஒரு சொட்டு தண்ணி உள்ள வந்திருக்கா?"

"வரல. வந்ததையெல்லாம் அந்தச் சதுப்புதான் குடிச்சுது. திருடனே வரலை, காவலாளி எதுக்குன்னு கேக்குற மாதிரி இருக்கு சார்."

"அது வெறும் கொசுக் குட்டை."

அவர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி ஜாடியில் பிளாஸ்டிக் கோரை நின்றது. சதுப்பில் வளர்ந்த உயிருள்ள கோரையை வெட்டச் சொல்லிவிட்டு, போலியைக் காசு கொடுத்து வாங்கி, அதற்குத் தூசி தட்ட ஆளும் வைத்திருக்கிறவரிடம் பேசுவது வாய்க்குத்தான் கேடு.

"மழைத்தண்ணி வந்ததும் இந்த ஜாடிக் கோரையைக் குடிக்கச் சொல்லுங்க சார்," என்றவள், அடையாள அட்டையைக் கழற்றி ஜாடிக்குள் போட்டாள்.

அப்பாவின் துணிமணியைக் காலையிலேயே தன் வாடகை அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். இனி அவரை இழுத்துப்போவதுதான் பாக்கி. லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கினாள்.