சோற்றால் ஒட்டிய லேபிள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இது ஒரு காதல் கதையாக இருந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு நாவல்களை வாசித்து வாசித்து, யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான நாரந்தனையில் இருந்துகொண்டே பனி விழுவதைக் கனவு காண்கிறவள் நான். எனக்கும் ஒரு மாலுமி வேண்டியிருந்தான். அவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணும்.

என் அண்ணன் தியாகலிங்கம் எண்ணெய்க் கப்பலில் வேலை செய்தவர். 1984இல் அந்தக் கப்பலின் பம்பு அறையில் நடந்த வெடிப்பில் இறந்தார். அவருடைய மனைவி, மனோகரி மச்சாள், ஆறு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். ஆகவே கதையைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை.

முதல் தொடக்கம்: "கடல் அன்று கண்ணாடிபோல..." (விட்டுவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: "பம்பு அறைக்குள் இறங்குமுன் அவன் தன் வோக்கிடோக்கியை எடுத்து..."

இங்கே நின்றுபோனேன். பம்பு அறைக்குள் வோக்கிடோக்கி கொண்டுபோகலாமா? கம்பனி திருப்பி அனுப்பிய அண்ணனின் பெட்டியில் ஓர் ஆங்கிலக் கைநூல் கிடந்தது. விவரம் பிழைக்கக் கூடாது என்று, போன செவ்வாய்க்கிழமை, அகராதியும் கையுமாக அதைத் திறந்தேன்.

2

கைநூல் சொல்வது இது. (என் மொழிபெயர்ப்பு. மெச்சத்தக்கதல்ல.)

"எரிவாயு தங்கும் இடத்தில் ஒரு சிறு பொறி போதும். பேசுவதற்கு அழுத்தும் பொத்தானுக்குள்ளேயே அது பிறக்கலாம். ஆகவே அங்கே பாவிக்கும் வோக்கிடோக்கிகளில் மின்சாரத்தை மட்டுப்படுத்தி, பொறி பிறந்தாலும் வாயுவைப் பற்றவைக்கும் பலம் அதற்கு இல்லாதபடி செய்கிறார்கள். அப்படிச் சோதித்துத் தேறியவற்றில் மட்டும் மஞ்சள் லேபிள் ஒட்டப்படும். லேபிள் இல்லாததை உள்ளே கொண்டுபோகாதே."

மஞ்சள், லேபிள் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் அகராதியில் மூன்று தரம் தேடினேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்.

3

1984 தையில் அண்ணன் லீவில் வந்தபோது இரண்டு வோக்கிடோக்கிகள் கொண்டுவந்தார். ஒன்று கப்பலுடையது, அவர் பொறுப்பில் இருந்ததால் கையோடு வந்துவிட்டது. மற்றது சிங்கப்பூரில் எங்களுக்காக வாங்கியது. அதே கம்பனி, அதே கறுப்பு. கப்பலுடையதில் ஒரு மஞ்சள் லேபிள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மச்சாள் கிணற்றடியில் ஒன்றோடு நிற்பார். அண்ணன் வளவின் மூலையில் மற்றதோடு.

"மனோகரி, கேக்குதோ?"

"ஊருக்கே கேக்குது. உந்தச் சாமானே தேவையில்லை. மெல்லக் கதையுங்கோ!"

வீட்டுக்கு வரும் எந்தப் புதுச் சாமானையும் நயினாதீவு அம்மன் காலடியில் வைக்காமல் அம்மா பாவிக்க விடமாட்டார்.

"கப்பல்காரன்ர சாமானுக்கு என்னத்துக்கு அம்மா பூசை?" என்றார் அண்ணன்.

"நீ அதைக் காவிக்கொண்டுதானே போறாய்? பேசாமல் தட்டில வை."

கோயிலில் ஐயர் இரண்டிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்தவள் நான். துடைத்து முடித்துப் பார்த்தால், லேபிள் துணியில் இருந்தது. எதிலிருந்து கழன்றது என்று தெரியவில்லை. அண்ணன் ஏசுவார் என்ற பயத்தில் சோற்றுப் பருக்கையை மசித்து ஒன்றில் ஒட்டினேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. கோணாமல் ஒட்டவேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை.

மறுநாள் அண்ணன் லேபிள் உள்ளதை எடுத்துக்கொண்டு போனார். பங்குனியில் தந்தி வந்தது.

(வாசகர் கேட்கலாம்: தன் கையில் புழங்கிய சாமானை ஒருவனுக்கு அடையாளம் தெரியாதா? லீவுக்கு முந்திய கிழமைதான் அது அவருக்குக் கிடைத்தது என்று ஒரு வசனம் எழுதினேன். அப்படியானால் அவருக்கு அடையாளம் தெரிந்திராது. அந்த வசனம் என்னைக் குற்றவாளியாக்கியது; அடித்துவிட்டேன். அடித்ததற்கு வெட்கப்பட்டுத் திரும்ப எழுதினேன். உண்மையில் எனக்குத் தெரியாது.)

4

'வெடிக்கக்கூடிய காற்று' என்பது கைநூலில் ஒரு தலைப்பு. எங்கள் தீவின் காற்றும் அப்படித்தான் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அண்ணனைக் கொன்றது உவமை இல்லை.

கம்பனியின் கடிதம் இப்படி இருந்தது: "அவர் வைத்திருந்த வோக்கிடோக்கியில் உரிய லேபிள் இருந்ததைச் சக ஊழியர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே அதில் சந்தேகமில்லை. காரணம் தெரியவில்லை." அவரில் பிழையில்லை என்று ஆறு வருடம் அந்த வரி எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

மற்ற வோக்கிடோக்கி மச்சாளின் அலுமாரியில் இருக்கிறது. "ஆமி கண்டால் வீட்டோட கொளுத்துவாங்கள், கடல்ல எறி" என்று அம்மா எத்தனையோ தரம் சொல்லியும் மச்சாள் கொடுக்கவில்லை. கைநூலின் அடுத்த பக்கம் சொல்கிறது: லேபிள் கழன்றால் பற்றரியைக் கழற்றிப் பார், அதன் கீழே தகட்டில் அதே குறி வெட்டப்பட்டிருக்கும்.

முடிவு அ: வீட்டில் இருப்பதில் குறி இல்லை. அண்ணன் சரியானதைத்தான் கொண்டுபோனார். நான் வெளியே ஓடிப்போய்... (இவ்வளவு இலகுவாக எனக்கு எதுவும் கிடைப்பதில்லை.)

முடிவு ஆ: குறி இருக்கிறது. நான்

(இந்த வசனம் இதற்குமேல் போகவில்லை.)

5

இன்று பின்னேரம் குசினிக்குப் போனேன். மச்சாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"மச்சாள், அந்த வோக்கிடோக்கியை ஒருக்காத் தாறியளோ?"

"கதை எழுதவோ? நாளைக்கு என்ர கூறைச் சீலையையும் கேப்பீர் போல கிடக்கு."

சொன்னேன். சந்தனம், ஈரத்துணி, சோறு, கைநூல், எல்லாம். நான் முடிக்கும்வரை அவர் துருவலை நிறுத்தவில்லை. பிறகு தேங்காய்ப் பாதியைக் கவிழ்த்து வைத்தார்.

"சோறு ஒட்டினது எனக்குத் தெரியும், அம்பிகை. அவர் பெட்டி அடுக்கேக்க லேபிளின்ர ஓரத்தில ஒரு பருக்கை காய்ஞ்சு நிண்டது. உம்மட வேலைதான் எண்டு சிரிச்சுக்கொண்டு நகத்தால சுரண்டி விட்டனான். அவருக்குச் சொல்லேல்லை."

நான் அவர் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்தேன்.

"உள்ளுக்கு இருக்கிற குறியைப் பற்றி அவர் முந்தி ஒருக்காச் சொன்னவர். தந்தி வந்து எட்டாம் நாள் பற்றரியைக் கழட்டிப் பாத்தனான்."

ஆறு வருடம். ஒவ்வொரு நாளும் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவர். என் கதைகளை முதலில் வாசித்துப் பகிடி பண்ணுகிறவர்.

"சொல்லட்டோ?" என்றார். "நீர் ஓம் எண்டால் சொல்லுறன். சொன்னால் பிறகு ரெண்டு பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்க ஏலாது."

பதில் சொல்லாமல் எழுந்து வந்து இதை எழுதுகிறேன். மச்சாளின் முகத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. எழுதுகிறவள் நானாக இருந்தும், என் கதையில் எனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 'ஓம்' என்று எழுதினால் அடுத்த வரியையும் நான் எழுதியாக வேண்டும். 'வேண்டாம்' என்று எழுதினால், நாளைக் காலை அவர் என் தலையைப் பின்னும்போது நான் எங்கே பார்ப்பது?

உங்களிடம் விடுகிறேன். யோசிக்க நேரம் அதிகமில்லை. அவர் கூப்பிடுகிறார்:

"அம்பிகை, ஓமோ, இல்லையோ?"