எழுத்து கலைந்த மதியம்

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது மங்கைக்கு அதிலிருந்த எழுத்துகள் பிடிபடவில்லை. கண் மங்கவில்லை. அட்டையின் சுருக்கம், அதில் விழுந்த ட்யூப்லைட்டின் கோடு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எழுத்துகளும் தெரிந்தன. அவை என்ன என்பதுதான் தெரியவில்லை. நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் மருந்து எடுத்துக் கொடுக்கிற கடை. அத்தனை பெட்டிகளும் யாரோ முன்பின் தெரியாதவர்கள் மாதிரி நின்றன.

முதலாளி ஜெபசிங்கிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கணவன் மனோகரன் மீன்பிடிக்க விசைப்படகில் போயிருந்தான். ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து, சுவரில் தொங்கும் காலண்டரும் புரியாமல் போனால்? அதை நினைத்ததும் கால் வீட்டுப் பக்கம் திரும்ப மறுத்தது. தொலைந்த பொருளை, அதை வாங்கிய கடையிலேயே போய்த் தேடுகிறவள் போல, படிக்கப் பழகிய ராயபுரத்துக் கிளை நூலகத்துக்குள் நுழைந்தாள். வாசல் நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பெயரையும் தெருவையும் கை தடங்கலில்லாமல் எழுதியது. எழுதியதைப் பார்த்தாள். அதையும் படிக்க முடியவில்லை.

சின்ன வயதில் காசிமேட்டு வீட்டில் அச்சடித்த காகிதமென்று பார்த்தது மளிகை மடித்து வந்த துண்டுகளைத்தான். சனிக்கிழமையானால் சிநேகிதி கௌசரோடு இங்கே ஓடி வந்துவிடுவாள். அப்போது செல்போன் ஏது, இன்டர்நெட் ஏது. திமிங்கலம் எப்படித் தூங்கும் என்று கேள்வி வந்தால் இங்கேதான் தேட வேண்டும். அந்தப் புத்தகத்தை வேறு யாராவது எடுத்துப் போயிருந்தால் அது திரும்பி வரும் வரைக்கும் தெரியாமலே இருக்க வேண்டும். அப்படித் தெரியாமல் இருப்பதில் அன்றைக்கு ஒரு சுகம் இருந்தது. ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் சேர்ந்து படிப்பார்கள். கௌசர் முதலில் முடித்துவிட்டுப் பக்கத்தின் மூலையைப் பிடித்தபடி காத்திருப்பாள். மங்கை தலையாட்டினால்தான் திருப்புவாள். நூலகர் முறைத்தால் சிரிப்பை அடக்கப் பாவாடையை வாயில் வைத்துக் கடிப்பார்கள்.

இப்போது அந்த மேசையில் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் செல்போனைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். மங்கை குழந்தைகள் அலமாரியிலிருந்து, பெரிய எழுத்தாக இருந்த ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தாள். படத்தில் யானை யானையாகவே இருந்தது. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த தடம்.

அப்போதுதான் பூவம்மாவின் நினைவு வந்தது. கடையில் அவள் கடைசியாக மருந்து கொடுத்தது பூவம்மாவுக்கு, சர்க்கரை மாத்திரை. பெயரைப் படித்துவிட்டுக் கொடுத்தாளா, பழகிய நிறத்தைப் பார்த்துக் கொடுத்தாளா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

செல்போனில் பெயர்களும் புரியவில்லை. கௌசரின் முகம் மட்டும் சின்ன வட்டத்துக்குள் தெரிந்தது. அதை அழுத்தி, லைப்ரரிக்கு வா என்று மட்டும் சொன்னாள். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் கௌசர், கழுத்தில் அளவு நாடா தொங்க வந்து சேர்ந்தாள்.

"எனுக்குப் படிக்க வர்ல கௌசர்."

கௌசர் சிரித்தாள். மங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. புத்தகத்தில் ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது இன்னா சொல்லு," என்றாள்.

"கண்ணுக்குத் தெரியுது. இன்னா எழுத்துன்னுதான் தெரியல. பூவம்மா அக்காவுக்கு இன்னாத்த எடுத்துக் குடுத்தேன்னும் தெரியல."

கௌசரின் மாமனாருக்கு ஒருநாள் காலையில் திடீரென்று பேச்சு குழறியது. சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று வீட்டிலேயே வைத்திருந்தார்கள். அப்புறம் அவர் பேசவேயில்லை. அது மங்கைக்கும் தெரியும். இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"எந்திரி. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றாள் கௌசர்.

"மொதல்ல ஜெபசிங் சாருக்கு போன் போடு. எல்லாத்தையும் சொல்லு," என்றாள் மங்கை.

"சொன்னா வேல பூடும்டி."

"போவட்டும். அந்தக்கா அத்த முழுங்கிட்டா?"

ஆட்டோவில் ஏறியதும் கௌசர் போன் செய்தாள். ஜெபசிங் அதிகம் கேட்கவில்லை. பூவம்மா வீட்டுக்குத் தானே போவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஆட்டோ ஊர்ந்தது. பிறந்து வளர்ந்த ஊர். இரண்டு பக்கமும் கடைப் பலகைகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. நாளைக்கு முகங்களும் இப்படி ஆகிவிட்டால்? மங்கை திரும்பிக் கௌசரைப் பார்த்தாள். மூக்குத்தி, புருவத்தழும்பு. கௌசர்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திரும்பிப் பார்த்தாள்.

கௌசரின் போன் அடித்தது. கேட்டுவிட்டு அவள் மங்கையின் தோளை அழுத்தினாள். கொடுத்தது சரியான மாத்திரைதான், ஜெபசிங் கையில் வாங்கிப் பார்த்துவிட்டார். மங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு ஆட்டோ நின்றது. எதிரே சிவப்பில் எழுதிய பலகை. நூலக நோட்டில் தடங்கலில்லாமல் எழுதிய மங்கையின் கை முன்சீட்டு ரெக்ஸின்மேல் இருந்தது. அதன் ஆள்காட்டி விரல் அசைந்தது. பலகையில் ஒரு எழுத்தின் கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, விரல் கீழே இறங்கியது, வலப்பக்கம் போனது, மேலே ஏறியது.

"ப," என்றாள்.

கௌசர் அவள் விரலையே பார்த்தாள். அடுத்த எழுத்தில் ஒரு சுழி இருந்தது. விரல் அதில் பாதி வளைந்திருக்கும்போது ஆட்டோ குலுங்கி உள்ளே நகர்ந்தது.