அன்னப்பிள்ளை கொடுத்த போத்தில்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் படலையில் நின்று குரல் கொடுப்பதில்லை. செருப்போடு கிணற்றடிவரை வந்துவிட்டு, ஃபோனைப் பார்த்தபடியே "சுகமோ ஐயா?" என்பார்கள். பதிலுக்கு நிற்கவும் மாட்டார்கள். அதனால்தான் யோகராசா பதில் சொல்லவில்லை.

வந்தவன் கீர்த்தனன், பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரன். முகாமிலிருந்து ஊர் திரும்பிய சனத்துக்குச் சிறுநீரகம் பழுதாகிறதென்று மாசியில் தண்ணீர் கேட்டு வந்தான். யோகராசாவின் மனைவி அன்னப்பிள்ளை ஒரு போத்தில் கொடுத்தாள். அதில் களைநாசினி இருக்கிறதென்று சொல்லி, போன மாதம் வீட்டுக் கிணற்றுக் குழாயில் அதைப் பிடிக்கும் வடிகுழலொன்றைப் பூட்டி, விளக்கமும் சொன்னான்.

"பொலிமர் இறுகேக்க அந்த விசத்தை உள்ளுக்க வச்சு, பிறகு கழுவி எடுத்திடுவம் ஐயா. அது இருந்த குழி மிஞ்சும். அந்தக் குழியில அந்த விசம் மட்டுந்தான் போய் இருக்கும்."

"விசத்தைப் போட்டு விசத்தை எடுக்கப் போறியள். நல்ல கதை," என்றார் யோகராசா.

வீட்டுத் தண்ணீரின் கசப்பும் போகவில்லை. கசப்பு அன்னப்பிள்ளைக்கு வயிற்றைப் பிரட்டும். வீங்கிய காலோடு நடக்கவும் ஏலாது. ஆகவே நாலு வருடமாகச் செய்ததுபோலவே, வயல் நடுவிலிருந்த கோயில் கிணற்றில் நல்ல தண்ணீர் அள்ளி, நாளுக்கொரு பிளாஸ்டிக் கான் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார் யோகராசா. தனக்குக் கசப்பே போதுமென்றிருந்தார்.

"குழலில ஒண்டும் பிடிபடேல்லை ஐயா," என்றான் இன்று வந்த கீர்த்தனன். "இந்தக் கிணத்தில களைநாசினியே இல்லை. சுண்ணாம்பு ஏறிக் குழியெல்லாம் அடைச்சுப் போச்சு. அண்டைக்குத் தந்தது இந்தத் தண்ணிதானே?"

"இல்லைத் தம்பி," என்றாள் அன்னப்பிள்ளை. "வீடு தேடி வந்த பிள்ளையளுக்கு உந்தக் கசப்பையோ குடுக்கிறது? கோயில் கிணத்துத் தண்ணிதான் தந்தனான்."

"குடிக்கக் கேக்கேல்லையே அம்மா!"

"எதுக்கெண்டாலும் நல்லதைத்தானே குடுக்கோணும்?"

கீர்த்தனன் கதிரையில் இருந்துவிட்டான்.

"அதை ஆர் குடிக்கிறது?"

"நான் மட்டுந்தான். இவர் கொண்டந்து தாறவர்."

அவன் அவளுடைய கால்களைப் பார்த்தான். யோகராசா அதைக் கண்டார்.

"இனி அதைக் குடியாதேங்கோ அம்மா. அந்தக் கிணத்துக்குப் புதுக் குழல் செய்யலாம். ஆறு மாசம் செல்லும்."

அன்னப்பிள்ளைக்குக் கிட்னி இரண்டும் முக்கால்வாசி போய்விட்டதென்று போன கிழமை கிளினிக்கில் சொன்னார்கள். அதை இருவருமே அவனிடம் சொல்லவில்லை.

"சாமிக்கு வாக்கிற தண்ணி அது," என்றார் யோகராசா. "உன்ர போத்திலில ஏதும் ஒட்டியிருந்திருக்கும்."

"மூண்டு தரம் பாத்தனாங்கள் ஐயா."

"மூண்டு தரமும் பிழையாப் பாத்திருப்பியள்."

காலையில் நிரப்பிய கான் சைக்கிளிலேயே இருந்தது, பாதி குறைந்தபடி. அவர் அதை ஊற்றவுமில்லை, தொடவுமில்லை. படலையைத் திறந்து வயல் பக்கம் நடந்தார்.

"எங்க போறியள்?"

"அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடு," என்றார் திரும்பாமல். "நான் இதை நம்பேல்லை."

"எந்தத் தண்ணியில?" என்று பின்னாலிருந்து கேட்டாள் அன்னப்பிள்ளை.

அவர் நடந்துகொண்டேயிருந்தார்.