குற்றவாளி நாற்காலியில் அண்ணி

கழுத்தில் தொடங்கிய வலி இடுப்புக்கு இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. காலை ஐந்தரையிலிருந்து சூளையில் செங்கல் சுமந்தவளுக்குப் பதினொரு மணிக்குப் பல்கலைக்கழகத்தில் செய்முறைத் தேர்வு. பொதுப் பாதுகாப்பும் சட்ட அமலாக்கமும் என்கிற பட்டப்படிப்பில் இது மூன்றாவது வருஷம், கடைசி வருஷம். உடன் படிக்கிறவர்கள் அவளைச் 'செங்கல்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர். கலவரம் அடக்கும் பயிற்சியில் கேடயத்தோடு நின்றவளை நாலு பையன்கள் சேர்ந்து தள்ளியும் நகர்த்த முடியாமல் போன பிறகு அதுவே மரியாதையாகிவிட்டது.

இன்றைக்கு விசாரணைத் தேர்வு. சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சுவரில் பதித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேராசிரியை உட்கார்ந்து மார்க் போடுவார். இருபத்தாறு வருஷம் காவல்துறையில் இருந்துவிட்டு வந்தவர். சந்தேக நபராக நடிக்க வெளியாளைக் கூலிக்குப் பிடிப்பார்கள். என்ன திருடினார், என்ன பொய் சொல்ல வேண்டும் என்பது அவர் கையிலிருக்கும் அட்டையில் இருக்கும். இருபது நிமிஷத்துக்குள் அதட்டாமல் மிரட்டாமல் உண்மையை வாங்கி, வாக்குமூலம் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. உள்ளே இருப்பவர் தெரிந்தவர் என்றால் உடனே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். வேறொரு நாள், வேறொரு ஆளோடு தேர்வு நடக்கும்.

தேறினால் துறைமுகப் பாதுகாப்பு அலுவலகத்தில் சம்பளத்தோடு பயிற்சி. தேறாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. சூளை மேஸ்திரி நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார்: "இதான் கடைசி. இன்னொரு சனிக்கிழமை பாதியில கிளம்பினா, அப்படியே போயிடு."

கதவைத் திறந்தாள். குற்றவாளி நாற்காலியில், தலையைப் படிய வாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய அண்ணன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள்.

இவள் கை பாதிவரை உயர்ந்தது. இன்னொரு சனிக்கிழமைக்கு எங்கே போவது? உயர்ந்த கை தலையைச் சொறிந்துவிட்டு இறங்கிக்கொண்டது.

"வணக்கம் மேடம்," என்றாள் அண்ணி. கண்ணில் குறும்பு கொப்பளித்தது. "நான் ஒரு பாவமும் அறியாதவ."

"நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"அடுப்படியில."

"கூட யாரு இருந்தா?"

"பாத்திரம் இருந்துச்சு."

"வீட்டுல வேற ஆளே இல்லையா?"

கேட்ட பிறகுதான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று உறைத்தது.

"இருக்காங்களே! புருஷன் ஒருத்தர். லாரி ஓட்டிட்டு வந்து சாய்ஞ்சா, எழுப்ப கிரேன் வேணும். அப்புறம் ஒரு நாத்தனா. பெரிய படிப்பு. சட்டத்துல எந்தப் பிரிவைக் கேட்டாலும் கடகடன்னு சொல்லும். பாத்திரம் தேய்க்கிற நார் எங்க இருக்குன்னு கேளுங்க, திருதிருன்னு முழிக்கும்."

கண்ணாடிக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். சிரிப்பை மறைக்கிற இருமல்.

"நாத்தனார் விஷயம் இந்த வழக்குக்குத் தேவையில்ல."

"எங்க இருந்தேன்னு நீங்கதானே மேடம் கேட்டீங்க? மூணு வருஷமா அந்த நேரத்துக்கு நான் அங்கதான். சாட்சி வேணும்னா இதைப் பாருங்க."

அண்ணி இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினாள். பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மருந்துத் தண்ணீரில் ஊறுகிற கைகள். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் வீட்டுப் பாத்திரத்தின் கரி. ஒரே வீட்டில் இருந்தும், எதிரே உட்கார்ந்து இந்தக் கைகளை இவள் பார்த்ததில்லை.

வீடாக இருந்தால் இந்நேரம் இவளும் நாலு வார்த்தை எகிறியிருப்பாள். கதவு ஒன்று படாரென்று சாத்தப்பட்டிருக்கும். இங்கே எகிறினால் மார்க் போய்விடும். "சொல்லுங்க," என்று பேனாவைத் திறந்தாள்.

விடிந்ததிலிருந்து படுக்கிறவரை செய்கிற வேலையை எல்லாம் அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னாள். இவள் குறுக்கே பேசாமல் எழுதினாள். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு எதிராளி கிடைக்காமல் குரல் மெல்ல இறங்கியது.

"இவ்வளவு வேலைக்கு நடுவுல, திருட்டு நடந்த கிடங்குக்கு ஏன் போனீங்க?"

அண்ணி அட்டையை ஒருதரம் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். "நான் பேசினதை முழுசா கேட்டது நீங்கதான். உங்ககிட்ட எதுக்குப் பொய்? எடுத்தது நாந்தான். தீயை அணைக்கப் புஸ்ஸுன்னு அடிக்குமே, சிவப்பு சிலிண்டர், அதுல ரெண்டு."

இவள் மளமளவென்று எழுதி முடித்து, விறைப்பான குரலில் படித்துக் காட்டினாள்: "எனது நாத்தனாருக்கு நார் இருக்கும் இடம் தெரியாது..."

"மூணு வருஷமா தெரியாதுன்னு போடுங்க மேடம்."

போட்டாள். பத்தொன்பதாவது நிமிஷம் கையெழுத்து விழுந்தது.

பேராசிரியை உள்ளே வந்து தாளை வாங்கிப் படித்தார். "பிரமாதம். இந்த வருஷம் இதுதான் நல்ல விசாரணை." அவர் விரல் முகவரியில் நின்றது. "மூணாவது மாடி, படிக்கட்டுக்கு இடப்பக்கம். இதை அவங்க எப்ப சொன்னாங்க?"

சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. மூன்று வருஷமாகப் பல்கலைக்கழகத்தின் எல்லாப் படிவத்திலும் எழுதிப் பழகிய முகவரியைக் கை தானாக எழுதியிருந்தது.

"என் முகத்தைப் பாத்தாலே தெரியும் மேடம், மூணாவது மாடி ஏறுறவன்னு," என்றாள் அண்ணி.

"நீங்க சும்மா இருங்க. நீங்கதான் குற்றத்தை ஒத்துக்கிட்டாச்சே."

"இவங்க என் அண்ணி மேடம்," என்றாள் இவள். "சொன்னா இன்னொரு சனிக்கிழமை வேணும். சூளையில லீவு தரமாட்டாங்க. அதான் மறைச்சேன்."

"நிஜ வழக்குல இப்படி மறைச்சா, திருடன் சிரிச்சுக்கிட்டே வெளிய போவான். இது செல்லாது. அடுத்த சனிக்கிழமை, வேற ஆளு. வரலேன்னா பயிற்சி இடம் அடுத்தவங்களுக்கு."

வெளியே வராந்தாவில் இவள் பாய்ந்தாள். "ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"ஒரு நாள் கூலி வருதுல்ல? அதோட, நீ இங்க என்னதான் கிழிக்கிறேன்னு பாக்கணும்னு தோணுச்சு."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. நல்லாத்தான் கேக்குற. வீட்டுலயும் ஒருநாள் கேட்டிருக்கலாம்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அடுத்த சனிக்கிழமை நீ பரீட்சைக்குப் போடி. உன் கல்லை நான் சுமக்கறேன்."

"ஒரு நடைக்குப் பன்னெண்டு கல்லு அண்ணி!"

"ஈரக் கம்பளி தூக்குறவகிட்ட கல்லுக் கணக்குச் சொல்றியா? மேஸ்திரி எண்ணுறது தலையை. அது யார் தலைன்னு அவருக்கென்ன?"

அடுத்த சனிக்கிழமை ஒரு தையல்காரர் குற்றவாளியாக வந்தார். அவரிடம் முகவரியை மூன்று தடவை கேட்டு எழுதினாள், தேறிவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது அண்ணி தரையில் குப்புறப் படுத்து, இடுப்பில் யாராவது ஏறி மிதித்தால் தேவலை என்று முனகிக்கொண்டிருந்தாள். பயிற்சி திங்கட்கிழமை தொடங்கியது. முறை வேலையைச் சாயங்காலத்தில், சரியாகப் பாத்திரம் தேய்க்கிற நேரத்தில் போட்டார்கள்.

அண்ணிக்கு அவள் தரவேண்டிய கடன்: மூன்று வருஷத்துப் பாத்திரம், ஒரு நாள் செங்கல். இரண்டில் எதையும் இன்னும் அடைக்கவில்லை.